எடைக்கல் சொல்லாத பாரம்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 34ஆம் பிரிவு மிகச் சிறியது. காயம் உண்டாக்கக்கூடிய அளவுக்குக் கனமான எதையும் தூக்கவோ சுமக்கவோ நகர்த்தவோ தொழிற்சாலையில் யாரையும் வேலைக்கு வைக்கக்கூடாது என்றது அதன் முதல் உட்பிரிவு. எத்தனை கிலோ என்பதை மாநில அரசுகள் விதிகளில் சொல்லிக்கொள்ளலாம் என்றது இரண்டாவது. அப்படி எழுதப்பட்ட விதிகளில் திரும்பத் திரும்ப வரும் எண்கள் இரண்டு: வயதுவந்த ஆணுக்கு 55 கிலோ, பெண்ணுக்கு 30 கிலோ. கட்டுமானத் தொழிலாளர்களுக்காக 1998இல் வந்த மத்திய விதிகளிலும் இவைதாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் வெளியிட்ட 128ஆம் பரிந்துரையும் ஆணுக்கு 55 கிலோ என்ற எல்லைக்கு விரைவில் இறங்கிவர வேண்டும் என்கிறது. அதே ஆண்டில் பிறந்த 127ஆம் உடன்படிக்கை எண் எதையும் சொல்லவில்லை. உடல்நலத்தைக் கெடுக்கும் பாரத்தைச் சுமக்க வைக்கக்கூடாது என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த உடன்படிக்கையை இந்தியா ஏற்றது 2010இல்.

இப்போது பழைய சட்டத்தின் இடத்தில், 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் வந்து அமர்ந்திருக்கிறது. விதிகளைப் புதிதாக எழுதும் காலம் இது. 55ஐ அப்படியே நகலெடுத்து வைத்துவிடலாம். அதற்கு முன்னால், ஆலைகளில் கனமான பொருள்களைக் கையாளும்போது மனிதர்கள் எப்படிக் காயப்படுகிறார்கள் என்று நூறாண்டு ஆராய்ச்சி சொல்வதை ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. அது சொல்வதன் சாரம் இதுதான்: பொருளின் எடை காயத்துக்கான காரணங்களில் ஒன்று மட்டுமே, பல வேலைகளில் முதன்மையான காரணம்கூட இல்லை. எடையை மட்டும் அளக்கும் சட்டம், அளக்க எளிதானதை அளந்துவிட்டு ஆபத்தை விட்டுவிடுகிறது.

இடுப்புக்குள் நடப்பது

கனமான பொருளால் வரும் காயங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கண்ணுக்குத் தெரிவது. வார்ப்பு நழுவிக் காலில் விழுகிறது. இறக்கிவைக்கும்போது விரல் அடியில் சிக்குகிறது. ஓரத்துப் பிசிறு உள்ளங்கையைக் கிழிக்கிறது. மூச்சடக்கித் தூக்கியவருக்குக் குடலிறக்கம் வருகிறது. இவற்றுக்கு நேரம், இடம், சாட்சி எல்லாம் இருக்கும். பாதுகாப்புக் காலணியின் இரும்பு மூக்குப்பகுதி 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும் என்பது சர்வதேசத் தரம். அதாவது 20 கிலோ பொருள் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் கால்விரல் தப்பிக்கும். கால்விரலைக் காப்பதற்கு இப்படி ஓர் எண்ணும், அதற்கான சோதனையும், சோதனைக்கான முத்திரையும் உருவாகிவிட்டன.

இரண்டாவது வகை இடுப்பில் நடப்பது. இதற்கு நேரமும் கிடையாது, சாட்சியும் கிடையாது. "குனிஞ்சேன், பிடிச்சுக்கிச்சு" என்றுதான் தொழிலாளி சொல்வார். ஆனால் அன்று குனிந்ததற்கு முன்னால் சில ஆயிரம் நாட்கள் குனிந்திருப்பார்.

இயந்திரவியல் கணக்காக இதைப் பார்க்கலாம். இடுப்பின் முள்ளெலும்புகளுக்கு நடுவே, பேச்சு வழக்கில் ஜவ்வு என்று சொல்லப்படும் வட்டுகள் இருக்கின்றன. முதுகை நிமிர்த்தும் தசைகள் வட்டின் நடுப்புள்ளியிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் பின்னால் இருந்துதான் இழுக்கின்றன. கையில் இருக்கும் பொருளோ வட்டிலிருந்து 50 சென்டிமீட்டர் முன்னால் இருக்கலாம். நெம்புகோல் பத்துக்கு ஒன்று. 20 கிலோ வார்ப்பைச் சமன்செய்யத் தசை 200 கிலோவுக்கு நிகராக இழுக்க வேண்டும். அந்த இழுப்பு முழுவதும் வட்டின்மேல் அழுத்தமாக இறங்குகிறது. அதோடு குனிந்திருக்கும் மேலுடம்பையும் அதே தசைதான் பிடித்து நிறுத்த வேண்டும். 60 கிலோ ஆளின் மேலுடம்பு, தலை, கைகள் எல்லாம் சேர்ந்து 30 கிலோவுக்குக் குறையாது. தரையில் கிடக்கும் ஒரு போல்ட்டை எடுக்கக் குனிந்தாலும் இடுப்பு நூறு கிலோவுக்கு மேல் தாங்குகிறது.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. ஸ்வீடனின் யோத்தபோரி நகரில் ஆல்ஃப் நாக்கெம்சன் என்ற எலும்பியல் மருத்துவர் 1960களில் உயிருள்ள மனிதர்களின் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். 1999இல் ஹான்ஸ்-யோவாகிம் வில்கேயும் அவருடைய ஜெர்மன் சகாக்களும் ஒரே ஒரு தன்னார்வலரின் வட்டில் உணர்கருவியைப் பொருத்தி அந்த அளவுகளை மறுபடி எடுத்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கும்போது 2.3. முழங்காலை மடக்கித் தூக்கும்போது 1.7. அதே 20 கிலோவை உடம்போடு ஒட்டிப் பிடித்திருக்கும்போது 1.1. பொருள் ஒன்றுதான், எடை ஒன்றுதான். வட்டுக்குள் இருக்கும் அழுத்தம் இரு மடங்குக்கும் மேல் மாறுகிறது. ஒரு மனிதரிடம் எடுத்த அளவு என்பதால் எண்களைத் துல்லியமாக எல்லோருக்கும் பொருத்த முடியாது. மாறும் திசையில் ஐயமில்லை.

வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால்தான் காலுக்கு இறங்கும் வலி வருகிறது என்பதை 1934இல் பாஸ்டனின் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் காட்டினார்கள். அந்தப் பிதுக்கம் ஒரு கடைசிக் கட்டம். அதற்கு வெகுமுன்பே, வட்டின் மேலும் கீழும் இருக்கும் மெல்லிய எலும்புத் தகட்டில் மயிரிழை விரிசல்கள் விழுகின்றன. வட்டின் உட்பகுதியில் வலி உணரும் நரம்பு கிடையாது என்பதால் தொழிலாளிக்கு எதுவும் தெரிவதில்லை. வட்டுக்கு நேரடி ரத்த ஓட்டமும் இல்லை. தனக்கு வேண்டிய சத்தை அந்தத் தகடுகளின் வழியாகத்தான் உறிஞ்சிக்கொள்கிறது. விரிசல் ஆறித் தழும்பான இடத்தில் அந்த வழி அடைபடுகிறது. வட்டு மெல்ல வறள்கிறது. இரவு முழுவதும் படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும் என்பதால், எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிவது அவற்றுக்கு மற்ற நேரத்தைவிடக் கடினம். காலை 6 மணி ஷிப்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தரையிலிருந்து பாரம் தூக்குகிறவர், நாளின் மிக மோசமான நேரத்தில் மிக மோசமான வேலையைச் செய்கிறார்.

இளவட்டக்கல்லும் சுமைதாங்கியும்

தொழிற்சாலைப் பாரத்தை முதன்முதலில் விஞ்ஞானம் என்ற பெயரால் அளந்தவர் ஃபிரெடரிக் டெய்லர். 1899இல் அமெரிக்காவின் பெத்லஹேம் உருக்காலை முற்றத்தில் வார்ப்பிரும்புப் பாளங்களை ரயில் பெட்டியில் ஏற்றும் வேலை அவருடைய சோதனைக்களம். ஒரு பாளம் 92 பவுண்டு, ஏறத்தாழ 42 கிலோ. ஓர் ஆள் நாளொன்றுக்குச் சராசரியாகப் பன்னிரண்டரை டன் ஏற்றிக்கொண்டிருந்தார். சரியான ஆளைத் தேர்ந்தெடுத்து, எப்போது நடப்பது எப்போது உட்காருவது என்று சொல்லிக்கொடுத்தால் 47 டன்னுக்கு மேல் ஏற்றலாம் என்றார் டெய்லர். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆகும். 1911இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் 'ஷ்மிட்' என்ற பெயரில் வரும் தொழிலாளி அந்த அளவை எட்டிக் காட்டுகிறார். இந்தக் கதையில் டெய்லர் நிறையவே மெருகேற்றியிருக்கிறார் என்று ரெக், பெரோனி என்ற இரு ஆய்வாளர்கள் 1974இல் எடுத்துக்காட்டினார்கள்.

மெருகைத் தள்ளிவிட்டாலும் கணக்கு மிஞ்சுகிறது. 47 டன்னுக்கு மேல் என்றால் ஒரு நாளில் 1,150 தடவைபோல அந்தப் பாளத்தைத் தூக்க வேண்டும். 42 கிலோ என்பது நம் 55 கிலோ வரம்புக்குள் வசதியாக அடங்கிவிடும். பெத்லஹேம் முற்றம் இன்று இந்தியாவில் இருந்தால், எடையை மட்டும் பார்க்கும் ஆய்வாளர் அங்கே குற்றம் காண முடியாது.

எட்டுப் பேரில் ஒருவரால்தான் இந்த வேலை முடியும் என்று டெய்லரே எழுதினார். மற்ற ஏழு பேரால் ஏன் முடியவில்லை என்பது அவர் கவலை இல்லை. அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் கவலை. நம்மூரில் இதற்குப் பழைய வடிவம் ஒன்று உண்டு. தென்மாவட்டக் கிராமங்களில் மந்தையில் கிடக்கும் இளவட்டக்கல், தோளுக்கு மேல் தூக்கிப் பின்னால் போடுகிறவனின் ஆண்மைக்குச் சான்று. கல் மாறாது, மனிதன்தான் தேற வேண்டும். அதே ஊர்களின் சாலையோரத்தில் இன்னொரு கல்லும் நின்றது. இரண்டு கல்தூண்களின்மேல் ஒரு கிடைக்கல் வைத்த சுமைதாங்கி. தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல், இன்னொருவர் கைகொடுக்காமல், சுமையை அதன்மேல் சரித்துவிட்டு இளைப்பாறலாம். திரும்ப ஏற்றிக்கொள்ளவும் குனிய வேண்டாம். அதைக் கட்டியவர்கள் சுமக்கிறவரின் பலத்தைச் சோதிக்கவில்லை. கல்லின் உயரத்தைத்தான் யோசித்தார்கள். தொழிற்சாலைப் பாரம் குறித்த இருபதாம் நூற்றாண்டு ஆராய்ச்சியின் பயணம் முதல் கல்லிலிருந்து இரண்டாவது கல்லுக்கு வந்த பயணம்தான்.

அதன் முக்கியமான கட்டம் அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் உருவாக்கிய சூத்திரம். 1981இல் முதல் வடிவம். 1990களின் தொடக்கத்தில் திருத்திய வடிவம். இந்தச் சூத்திரம் ஓர் எடையில் தொடங்கி ஒவ்வொரு குறைபாட்டுக்கும் கழித்துக்கொண்டே வருகிறது. எல்லாம் உகந்த நிலையில் இருந்தால் 23 கிலோ. அதாவது பொருள் உடம்பிலிருந்து 25 சென்டிமீட்டர் தூரத்துக்குள், கை 75 சென்டிமீட்டர் உயரத்தில், உடம்பைத் திருப்பாமல், எப்போதாவது ஒருமுறை, நல்ல பிடியோடு தூக்கினால் 23 கிலோ. இடுப்பின் கடைசி வட்டில் அழுத்தம் 3,400 நியூட்டனைத் தாண்டக்கூடாது என்பது இதன் அடிப்படைகளில் ஒன்று. நான் மேலே சொன்ன 20 கிலோ வார்ப்பு, மேலுடம்பின் பங்கையும் சேர்த்துக்கொண்டால், கையை நீட்டித் தூக்கும் நொடியிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது.

சூத்திரத்தை ஒரு பவுண்டரி வேலையில் வைத்துப் பார்ப்போம். 20 கிலோ வார்ப்பு. தரையில் கிடக்கும் பேலட்டிலிருந்து எடுக்க வேண்டும். கை தரைக்கு 15 சென்டிமீட்டர் மேலே. பேலட்டின் விளிம்பு தடுப்பதால் பொருள் உடம்பிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது. 45 பாகை திரும்பி, 90 சென்டிமீட்டர் உயர மேசையில் வைக்க வேண்டும். நிமிடத்துக்கு இரண்டு, எட்டு மணி நேர ஷிப்ட் முழுவதும். பிடி சுமார். சூத்திரம் தரும் விடை ஏறத்தாழ 4.9 கிலோ. அதாவது அந்த இடத்தில், அந்த வேகத்தில், 5 கிலோவுக்கு மேல் தூக்க வைப்பதே சரியில்லை. தொழிலாளி தூக்குவது அதைப்போல நான்கு மடங்கு. சட்டத்தின் பார்வையிலோ அவர் தன் வரம்பில் பாதிகூடத் தொடவில்லை.

பயிற்சியும் பெல்ட்டும்

இதற்கெல்லாம் ஆலைகளில் வழக்கமாகக் கிடைக்கும் பதில் சுவரொட்டி. முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை, பொருளை உடம்போடு சேர்த்துப் பிடி. வில்கேயின் அளவுகளைப் பார்த்தால் அறிவுரை சரியாகத்தான் படுகிறது. அறிவுரை சரியா என்பது ஒரு கேள்வி. அறிவுரை கொடுப்பதால் காயம் குறைகிறதா என்பது வேறு கேள்வி.

இரண்டாவது கேள்விக்கு விடை தேடிய பெரிய சோதனைகள் ஒரே பக்கம்தான் சாய்கின்றன. அமெரிக்காவில் சுமார் 4,000 அஞ்சல் ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 1997இல் வெளியானது. முதுகுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் காயத்தில் நீண்டகால வேறுபாடு இல்லை. பயிற்சி பெற்றவர்கள் பாடத்தை நன்றாகவே கற்றிருந்தார்கள். இடுப்பு அதைப் பொருட்படுத்தவில்லை. ஃபின்லாந்து ஆய்வாளர்கள் பல நாட்டுச் சோதனைகளைத் தொகுத்து 2008இல் வெளியிட்ட மதிப்பாய்வும், தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பது முதுகுவலியைத் தடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்றே முடிந்தது. இடுப்பு பெல்ட்டின் கதையும் அதேதான். 160 கடைகளில் 9,000க்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பின்தொடர்ந்து 2000இல் வெளிவந்த நியோஷ் ஆய்வில், பெல்ட் அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் வேறுபாடு தென்படவில்லை.

காரணம் பட்டறைக்குள் நின்று பார்த்தால் விளங்கும். முழங்காலை மடக்கித் தூக்கும்போது பாரத்தோடு சொந்த உடம்பு முழுவதையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கிறது. மூச்சு சீக்கிரம் வாங்குகிறது, முழங்கால் தேய்கிறது. மணிக்கு நூறு தடவைக்கு மேல் அப்படியே நாள் முழுவதும் செய்வது மிகக் கடினம். அகலமான மோல்டிங் பெட்டி இரண்டு முழங்கால்களுக்கு நடுவே நுழையாது. அதை உடம்போடு ஒட்டிப் பிடிக்க வழியே இல்லை. பேலட் சுவரோரம் கிடந்தால் திரும்பாமல் எடுக்க முடியாது. தொழிலாளி தவறாகத் தூக்குகிறார் என்று தோன்றும் இடங்களில் பெரும்பாலும் அவருக்குச் சரியாகத் தூக்க இடம் விடப்படவில்லை.

லிபர்ட்டி மியூச்சுவல் என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தின் ஸ்டோவர் ஸ்னுக் 1978இலேயே இதைச் சொல்லிவிட்டார். ஆள் தேர்வு, பயிற்சி, வேலை வடிவமைப்பு என்ற மூன்று வழிகளையும் அவர் ஒப்பிட்டார். முதல் இரண்டாலும் பயன் தெரியவில்லை. வேலையைப் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு ஏற்றபடி மாற்றியமைத்தால் முதுகுக் காயங்களில் மூன்றில் ஒரு பங்குவரை குறைக்கலாம் என்றார். இதைச் சொன்னது தொழிற்சங்கம் இல்லை, இழப்பீட்டுப் பணத்தைத் தன் பையிலிருந்து கொடுக்கும் நிறுவனம். அதனால் இந்த முடிவுக்குத் தனி எடை உண்டு.

எதிர்வாதங்கள்

மூன்றில் ஒரு பங்கு என்றால் மீதி? இங்கே நேர்மையாக நிற்க வேண்டும். ஃபின்லாந்தின் இரட்டையர்களை வைத்து மிஷெல் பாட்டியே, தாபியோ விதமன் குழு நடத்திய ஆய்வுகள் 1990களில் இத்துறையை உலுக்கின. ஒருவர் வாழ்நாள் முழுவதும் பாரம் தூக்கியும் மற்றவர் உட்கார்ந்தே வேலை பார்த்தும் வந்த இரட்டையர்களின் வட்டுகளில், வேலையால் வந்த வேறுபாடு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. வட்டுத் தேய்மானத்தில் மரபின் பங்குதான் பெரிது என்றது ஆய்வு. போயிங் விமானத் தொழிற்சாலையில் மூவாயிரம் ஊழியர்களைத் தொடர்ந்து ஸ்டான்லி பைகோஸ் குழு 1991இல் வெளியிட்ட முடிவும் அசௌகரியமானது. முதுகுக் காயம் என்று புகார் செய்வதை முன்கூட்டியே கணிக்க உதவிய வலுவான அறிகுறிகளில் ஒன்று, வேலை பிடிக்கவில்லை என்ற மனநிலை.

நிர்வாகங்கள் இந்த இரண்டு ஆய்வுகளையும் விரும்பிப் பிடித்துக்கொண்டன. ஒன்று பழியை மரபின்மேல் போடுகிறது, மற்றொன்று மனத்தின்மேல். ஆனால் இரட்டையர் ஆய்வு அளந்தது ஸ்கேன் படத்தில் தெரியும் தேய்மானத்தை. ஸ்கேனில் தேய்ந்த வட்டோடு வலியே இல்லாமல் நடமாடுகிறவர்கள் ஏராளம். படம் நன்றாக இருக்க, எழுந்து நிற்க முடியாதவர்களும் உண்டு. மரபு பலவீனமாகத் தந்த வட்டுக்குப் பாரம் இன்னும் கூடுதல் ஆபத்து என்றும் இதே முடிவைப் படிக்கலாம். போயிங் ஆய்வு அளந்ததோ காயத்தைப் பற்றிய புகாரை. வெறுப்பூட்டும் வேலை பெரும்பாலும் கடினமான வேலையாகவும் இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆளை விட்டுவிட்டு வேலையை அளந்த ஆய்வு வேறு சித்திரம் தந்தது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் மாரஸ் குழு 48 தொழிற்சாலைகளில் 400க்கும் மேற்பட்ட தூக்கும் வேலைகளை எடுத்துக்கொண்டது. தொழிலாளியின் முதுகில் அசைவுமானி ஒன்றைக் கட்டி, காயம் அதிகமுள்ள வேலைகளையும் குறைந்த வேலைகளையும் 1993இல் ஒப்பிட்டது. இரண்டையும் பிரித்துக் காட்டியவை ஐந்து: மணிக்கு எத்தனை தடவை, பாரமும் அதன் தூரமும் சேர்ந்த திருப்புவிசை, பக்கவாட்டில் சாயும் வேகம், இடுப்பை முறுக்கும் வேகம், முன்னால் குனியும் கோணம். ஐந்தில் எதுவும் தொழிலாளியின் குணம் இல்லை. எல்லாம் பொருள் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, எவ்வளவு அவசரம் என்பதிலிருந்து பிறப்பவை. எடை இந்தப் பட்டியலில் தூரத்தோடு பெருக்கப்பட்ட பிறகே இடம்பெறுகிறது.

கணக்கில் வராத காயம்

இத்தனை தெரிந்தும் நம் ஆலைகளில் பேலட் தரையிலேயே கிடப்பதற்குக் காரணம் அறியாமை மட்டும் இல்லை. இந்தக் காயம் யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை.

1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, விபத்தில் காயமடைந்தவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் போனால் ஆய்வாளருக்குத் தகவல் தர வேண்டியிருந்தது. விபத்து என்றால் ஒரு நிகழ்வு. பத்து வருடக் குனிவுக்கு நிகழ்வு நேரம் என்ன? அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, தெரிவிக்கப்பட வேண்டிய 29 தொழில்நோய்களைப் பட்டியலிட்டது. ஈயநஞ்சு, சிலிகோசிஸ், இரைச்சலால் வரும் காதுகேளாமை எல்லாம் அதில் உண்டு. பாரம் தூக்கிப் பழுதான முதுகு இல்லை.

இதன் விலையைத் தொழிலாளி பணமாகவே உணர்கிறார். இ.எஸ்.ஐ. காப்பீட்டில், பணியில் ஏற்பட்ட காயம் என்று ஏற்கப்பட்டால், வேலை செய்ய முடியாத காலம் முழுவதும் கூலியில் 90 விழுக்காடு கிடைக்கும். சாதாரண நோய் என்று பதிவானால் 70 விழுக்காடு, அதுவும் ஆண்டுக்கு 91 நாட்கள். முதுகுவலியோடு மருந்தகத்துக்குப் போகிறவரிடம் விபத்து அறிக்கை இருக்காது என்பதால் பெரும்பாலும் இரண்டாவது வரிசையில்தான் நிற்பார். ஒப்பந்தக்காரர் மூலம் வந்த லோடுமேன் என்றால் அந்த வரிசையும் நிச்சயமில்லை. வலி வந்தவர் ஊருக்குப் போய்விடுகிறார்; அவர் இடத்துக்கு இருபது வயதுப் பையன் ஒருவன் வருகிறான். தாக்குப்பிடித்தவர்கள் மட்டுமே உள்ளே இருப்பதால் ஆலையைச் சுற்றிப் பார்க்கிறவருக்கு எல்லோரும் திடமாகத்தான் தெரிவார்கள். டெய்லர் தேடித் தேடிச் செய்த தேர்வை இங்கே ஆள்மாற்றமே செய்துவிடுகிறது.

இதே சட்டம் இரும்பிடம் காட்டிய அக்கறையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாரம் தூக்கும் சங்கிலி, கயிறு, கொக்கி ஒவ்வொன்றையும் தகுதியுள்ள ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும் என்றது 29ஆம் பிரிவு. அது பாதுகாப்பாகத் தாங்கும் எடை அதிலேயே தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் ஏற்றக்கூடாது. சங்கிலி அறுந்தால் பாரம் விழும், உற்பத்தி நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த நட்டம். முதுகு அறுந்தால் நிற்பது அந்த ஒரு வீட்டின் அடுப்பு மட்டும்.

வேறு வழி இருக்கிறது. பல ஆண்டுகள் கனமான பொருள்களைத் தூக்கியதாலோ சுமந்ததாலோ வரும் இடுப்பு வட்டு நோயை ஜெர்மனி 1990களின் தொடக்கத்தில் தொழில்நோய்ப் பட்டியலில் 2108 என்ற எண்ணில் சேர்த்தது. பிரான்ஸ் 1999இல் தன் 98ஆம் அட்டவணையில் சேர்த்தது. ஜெர்மனியில் அடுத்து எழுந்த கேள்வி சுவையானது: எவ்வளவு தூக்கினால் நோய்க்கு வேலை காரணம் என்று ஒப்புக்கொள்வது? அதற்காக மைன்ஸ்-டோர்ட்முண்ட் என்ற இரு நகரங்களின் பெயரால் ஒரு கணக்குமுறை உருவானது. வட்டில் விழுந்த விசையையும் அது விழுந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, வாழ்நாள் முழுவதும் கூட்டி, ஆணுக்கு 25 மெகாநியூட்டன்-மணி என்று எல்லை வைத்தார்கள். அந்த எல்லை மிகக் கடுமையானது என்று கருதிய ஜெர்மானியக் கூட்டாட்சி சமூக நீதிமன்றம் 2007இல் அதைப் பாதியாக்கியது. நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு இந்தச் சோதனையைத் தாண்டுவது எளிதில்லை; எண் துல்லியமானது என்றும் யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். அப்படியும் ஒரு காரியம் நடந்தது. ஒரு மனிதர் தன் வாழ்நாளில் எத்தனை தடவை எதை எப்படித் தூக்கினார் என்று எண்ணிப் பார்க்க வேண்டிய கட்டாயம் பிறந்தது.

செய்யக்கூடியவை

ஐரோப்பியச் சமூகத்தின் 1990ஆம் ஆண்டு ஆணையைப் பின்பற்றி பிரிட்டன் 1992இல் எழுதிய விதிகளில் எடை உச்சவரம்பே கிடையாது. வரிசையாக மூன்று கடமைகள் இருக்கின்றன. ஆபத்தான கைப்பாரத்தை முடிந்தவரை தவிர். தவிர்க்க முடியாவிட்டால் வேலையை ஆராய்ந்து எழுதிவை. பிறகு ஆபத்தைக் குறை. 25 கிலோ என்றொரு எண் அதன் வழிகாட்டியில் உண்டு; ஆண் தொழிலாளி இடுப்பு உயரத்தில், உடம்பை ஒட்டித் தூக்கும்போது மட்டும். கை நீள நீள, கீழே போகப் போக அந்த எண் சுருங்குகிறது. பெண்ணுக்கு 16 கிலோவில் தொடங்குகிறது. அங்கே கடையில் விற்கும் சிமெண்ட் மூட்டையே 25 கிலோ, ஆஸ்திரேலியாவில் 20. நம்முடையது 50. மூட்டையின் அளவை முடிவு செய்வது சுமக்கிறவர் இல்லை, பையை நிரப்பும் ஆலை. அதனால் இந்த மாற்றத்தைக் கொண்டுவர ஒவ்வொரு தொழிலாளிக்கும் பயிற்சி தர வேண்டியதில்லை. சிமெண்ட் ஆலைகளின் பை நிரப்பும் எந்திரங்களை மாற்றியமைத்தால் போதும்.

பவுண்டரி உதாரணத்துக்கு வருவோம். பேலட்டை ஒரு லிப்ட் டேபிளில் ஏற்றி 75 சென்டிமீட்டருக்கு உயர்த்துகிறோம். விளிம்புக்கு அருகே வந்து 30 சென்டிமீட்டரில் பிடிக்கும்படி வழிவிடுகிறோம். மேசையை எதிரே நகர்த்தித் திரும்புவதைத் தவிர்க்கிறோம். வேகத்தையும் பிடியையும் தொடவில்லை. சூத்திரத்தின் விடை 4.9இலிருந்து ஏறத்தாழ 12.5 கிலோவாக உயர்கிறது. தொழிலாளி மாறவில்லை, வார்ப்பு மாறவில்லை, உற்பத்தி குறையவில்லை. ஆபத்து பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஆனாலும் 20 கிலோ இன்னும் அதிகம்தான். மீதிக்குத் தலைக்குமேல் ஓடும் ஒரு தண்டவாளமும் மின்சார ஹாய்ஸ்டும் வேண்டும். அல்லது எந்திரத்துக்கும் எந்திரத்துக்கும் நடுவே உருளைப் பாதை அமைத்து, தூக்குவதைத் தள்ளுவதாக மாற்ற வேண்டும். தள்ளுவதற்கும் கணக்கு உண்டு. சிறிய சக்கரமும் குழிவிழுந்த தரையும் உள்ள இடத்தில் டிராலி இன்னொரு காயத்தைத் தரும்.

சிறு பட்டறைக்கு ஹாய்ஸ்ட் கட்டுப்படியாகுமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. இரண்டு மர பேலட்டுகளை அடுக்கி அதன்மேல் வார்ப்பை இறக்கி வைக்கக் காசு வேண்டியதில்லை என்பது ஒரு பதில். பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் கொடுக்கும் பட்டறை என்றால், பெட்டியின் எடையையும் கைப்பிடியையும் அந்தக் கம்பெனியின் கொள்முதல் நிபந்தனையிலேயே எழுதலாம் என்பது இன்னொன்று. பரிமாணம் கால் மில்லிமீட்டர் பிசகினால் வார்ப்பைத் திருப்பி அனுப்பும் கம்பெனிக்கு, அது வரும் பெட்டியின் உயரத்தைச் சொல்வது சிரமமான காரியம் இல்லை.

எழுதப்படும் விதிகள் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, 55ஐ உச்சவரம்பாக வைத்துக்கொள்ளட்டும், ஆனால் பாதுகாப்பின் அளவுகோலாக வைக்க வேண்டாம். தூரம், உயரம், திருப்பம், தடவை ஆகிய நான்கையும் ஒவ்வொரு தூக்கும் வேலைக்கும் எழுதிவைக்கும் கடமை நிர்வாகத்துக்கு வர வேண்டும். ஓர் அளவுநாடாவும் கைக்கடிகாரமும் இருந்தால் மேற்பார்வையாளர் அரை மணி நேரத்தில் செய்துவிடும் வேலை அது. இரண்டாவது, நீண்டகாலப் பாரத்தால் வரும் இடுப்பு நோய் தொழில்நோய்ப் பட்டியலில் ஏற வேண்டும். பட்டியலில் ஏறிய மறுநாளே எல்லோருக்கும் இழப்பீடு கிடைத்துவிடாது; ஜெர்மன் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் வழக்கு வந்தால் எத்தனை தடவை தூக்க வைத்தாய் என்ற கேள்விக்கு நிர்வாகம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதில் சொல்ல எண்ண வேண்டும். எண்ணத் தொடங்கிய ஆலைக்கு, லிப்ட் டேபிளின் விலை எவ்வளவு மலிவு என்பதை வேறு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்காது.